வேறுபட்டவர்கள் மீது முன்முடிவு ஏன் வருகிறது? பழகவிட்டால் போய்விடுமா?

நிலவன் (கேள்வி)

"அறியாமைதான் காரணம், பழகினால் சரியாகிவிடும்" என்ற பதிலைத்தான் எங்கும் கேட்கிறோம். ஆனால் நன்றாகப் படித்தவர்களிடமும் முன்முடிவு இருக்கிறது. ஒரே கட்டடத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தும், வேற்று மொழிக்காரரையோ மாற்றுத்திறனாளியையோ ஓர் அடி தள்ளியே வைப்பவர்கள் உண்டு. சில இடங்களில் பழகிய பிறகு கசப்பு கூடவும் செய்கிறது. இது எங்கிருந்து தொடங்குகிறது? இரு தரப்பு மாணவர்களை ஒரே வகுப்பில் வைத்து நடத்தும்போது எது பலன் தரும், எது கெடுக்கும்? ஆய்வுகள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தாமரை

வெறுப்பில் தொடங்குவதில்லை, பிரித்துப் பார்ப்பதில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் பள்ளிச் சிறுவர்களை வைத்துச் செய்து 1970இல் வெளியிட்ட சோதனையை முதலில் பாருங்கள். இன்ன ஓவியரை விரும்புபவர்கள் ஒரு குழு, மற்றவரை விரும்புபவர்கள் இன்னொரு குழு என்று சொல்லிப் பிரித்தார்கள். உண்மையில் அது குருட்டாம்போக்கில் போட்ட பிரிவு. குழுவில் யார் யார் என்பது எவனுக்கும் தெரியாது, தனக்கென்று எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. மற்ற இருவருக்குப் புள்ளிகளைப் பங்கிட வேண்டும், அவ்வளவுதான். ஓர் அட்டவணையில் ஒரு கோடியில் தன் குழுவுக்கு 19, எதிர்க்குழுவுக்கு 25. மறுகோடியில் தன் குழுவுக்கு 7, எதிர்க்குழுவுக்கு 1. முதலாவதில் இரு பக்கத்துக்குமே அதிகம் கிடைக்கும். ஆனாலும் சிறுவர்கள் அதைவிட்டு, நம் ஆளுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, அவனைவிடக் கூட இருக்க வேண்டும் என்ற பக்கமே சாய்ந்தார்கள். பழைய பகையோ போட்டியோ எதுவும் இல்லாமலே இது நடந்தது.

அடுத்தது எண்ணிக்கையில் வரும் பிழை. ஹாமில்டன், கிஃபர்ட் இருவரும் 1976இல் 39 வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். முதல் குழுவைப் பற்றி 18 நல்லது, 8 கெட்டது. இரண்டாம் குழுவைப் பற்றி 9 நல்லது, 4 கெட்டது. விகிதம் இரண்டுக்கும் ஒன்றே. படித்தவர்கள் சிறிய குழுவே மோசம் என்றார்கள். காரணம், அரிதாகக் கண்ணில் படும் ஆட்களும் அரிதாக நடக்கும் கெட்ட செயலும் சேர்ந்து வந்தால் மனதில் ஆழமாகப் பதிகிறது. எண்ணிக்கையில் குறைந்த மக்கள்மேல் "அவங்களே இப்படித்தான்" என்ற பேச்சு எளிதில் ஒட்டுவதற்கு இது முக்கியமான காரணம். படிப்பு இதைத் தடுக்காது, ஏனென்றால் இது தகவல் குறைவால் வந்த பிழையே அல்ல.

இளவேனில்

செந்தாமரை சொன்னது தொடக்கத்துக்குச் சரி. ஆனால் முன்முடிவு நீடிப்பதற்கு மூளையை மட்டும் காரணம் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். யாருக்கு வேலை, யாருக்கு வீடு, யார் சொல் எடுபடும் என்பதில் ஒரு தரப்புக்கு ஆதாயம் இருக்கும்வரை, அந்த ஆதாயத்துக்கு நியாயம் சொல்ல ஒரு கதை தேவைப்படுகிறது. "அவர்களுக்குத் திறமை போதாது" என்பது அந்தக் கதை.

அந்தக் கதை தன்னைத் தானே மெய்யாக்கியும் கொள்கிறது. வேர்ட், ஸான்னா, கூப்பர் மூவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையினத்தவர் நேர்காணல் செய்தபோது கறுப்பின விண்ணப்பதாரரிடமிருந்து தள்ளி உட்கார்ந்தார்கள், சீக்கிரம் முடித்தார்கள், பேச்சில் அதிகம் தடுமாறினார்கள். பிறகு அதே தோரணையில் வெள்ளையின விண்ணப்பதாரர்களை நேர்காணல் செய்ய ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த வெள்ளையின விண்ணப்பதாரர்களும் மோசமாகவே பதில் சொன்னார்கள். கேட்டவர் நடந்துகொண்ட விதம் பதில் சொன்னவரின் குறையாகப் பதிவாகிவிட்டது.

அதனால் ஆள் எடுக்கும் இடத்தில் "மனதைத் திருத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்வதைவிட முறையைத் திருத்துவதே மேல். எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை, அதே நேரம். எது நல்ல பதில், எது சுமாரான பதில் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் உடனே மதிப்பெண் போட வேண்டும், கடைசியில் மொத்தமாகப் போடக் கூடாது. தேர்வாளர்கள் தனித்தனியாக எழுதி முடித்த பிறகே ஒருவரோடொருவர் பேச வேண்டும். பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான்: மூத்தவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்களின் மதிப்பெண் அவர் பக்கம் நகர்ந்துவிடும்.

நிலவன்

நன்றி. வகுப்பறை பற்றியும் யாராவது சொல்லுங்களேன். "அப்படி நினைக்காதே" என்று கண்டிப்பதில் பலன் உண்டா?

கார்முகில்

வெறும் கண்டிப்பு திரும்பி அடிக்கும். 1994இல் மேக்ரேயும் அவர் குழுவினரும் செய்த சோதனையில், ஒரு 'ஸ்கின்ஹெட்' இளைஞனின் (தலையை மழித்துக்கொள்ளும், முரடர்கள் என்று பொதுவாகப் பேசப்படும் கூட்டத்தவன்) படத்தைக் காட்டி, பொதுவாகச் சொல்லப்படுவதை நினைக்காமல் அவனைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அந்தத் தாளில் அடக்கிக்கொண்டார்கள். அடுத்த தாளில், அடக்கச் சொல்லப்படாதவர்களைவிட அந்த எண்ணமே அவர்களிடம் கூடுதலாக வந்தது.

பழகுவதைப் பற்றி: கோர்டன் ஆல்போர்ட் 1954லேயே நான்கு நிபந்தனைகள் சொன்னார். பழகும் இடத்தில் சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, போட்டியில்லாத கூட்டுவேலை, மேலிடத்தின் வெளிப்படையான ஆதரவு. 2006இல் பெட்டிக்ரூவும் டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பழக்கம் முன்முடிவைப் பொதுவாகக் குறைக்கிறது என்றே தெரிந்தது. நான்கும் முழுமையாக இல்லாவிட்டாலும் ஓரளவு குறைகிறது, இருந்தால் கூடுதலாகக் குறைகிறது. ஆனால் ஒரு தரப்பு எப்போதும் ஏவுவதும் மறுதரப்பு எப்போதும் செய்வதுமாக இருந்தால் அந்தப் பழக்கம் பழைய எண்ணத்துக்கே தினமும் சாட்சி சேர்க்கும். நீங்கள் சொன்ன கட்டடத்தில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

வகுப்புக்கு, எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் தொடங்கிய 'ஜிக்சா' முறை பொருந்தும். இனவாரியாகப் பிரித்து வைத்திருந்த பள்ளிகளை ஒன்றாக்கியபோது எழுந்த மோதலுக்காகவே உருவானது. 5 அல்லது 6 பேர் கொண்ட கலப்புக் குழுக்கள். பாடத்தை அத்தனை பகுதியாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று மட்டும் கொடுங்கள், முழுப் பாடம் யார் கையிலும் இருக்கக் கூடாது. ஒரே பகுதி கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் வந்து ஒன்றாக உட்கார்ந்து அதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். தேர்வு தனித்தனியாக, பாடம் முழுவதற்கும்.

கெடுவது மூன்று இடங்களில். ஒரே பகுதி கிடைத்தவர்கள் சேர்ந்து உட்காரும் கட்டத்தை நேரமில்லை என்று விட்டால், தயங்கிப் படிப்பவர் தவறாகச் சொல்லித்தந்து குழுவின் ஏளனத்துக்கு ஆளாவார், இருந்ததைவிட மோசமாகும். குழுவுக்குப் பொது மதிப்பெண் போட்டால் "இவனால்தான் குறைந்தது" என்ற பகை வரும். குழுக்களுக்கிடையே பரிசுப்போட்டி வைத்தால் புதுக் கட்சி உருவாகும். ஓக்லஹோமாவில் 1954இல் ஷெரீஃப் நடத்திய முகாமில், ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து தேர்ந்தெடுத்த 22 சிறுவர்கள் இரண்டு அணியாகப் போட்டியிட்டு மற்ற அணியின் கொடியை எரிக்கும் அளவுக்குப் போனார்கள். ஒன்றாகச் சாப்பிட வைத்தபோது சாப்பாட்டையே வீசிக்கொண்டார்கள். தண்ணீர் வராமல் நின்றதும், வண்டி கிளம்பாமல் எல்லோரும் கயிறு பிடித்து இழுக்க வேண்டி வந்ததும், இப்படி இரு அணியும் சேர்ந்தால்தான் தீரும் சிக்கல்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்த பிறகே தணிந்தார்கள். அதனால் ஒருநாள் விழாவாக நடத்தி நிறுத்தாமல், வாரம் 2 வகுப்பாவது தொடர்ந்து நடத்துங்கள். எந்தக் குழுவிலும் சிறுபான்மைத் தரப்பிலிருந்து ஒருவரை மட்டும் தனியாக விடாதீர்கள், முடிந்தவரை இருவராக வையுங்கள். தனியாள் என்றால் அவர் என்ன செய்தாலும் அது அவருடைய மொத்தக் கூட்டத்தின் கணக்கில் எழுதப்படும்.