நல்ல நாள் வரும், அடுத்த நாள் வராது: களத்தை விட முடியாதவர்களிடம் கண்டவை

குறுந்தூர ஓட்டப் பயிற்சியாளர்:

முப்பத்தைந்தைத் தாண்டியும் போட்டியை விட மனமில்லாத வீரர்களோடு வேலை செய்பவர்கள் பார்த்ததை எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், விவரம் போதும். நான் தொடங்கி வைக்கிறேன்.

எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "போன வாரம்கூடப் பழைய டைமிங் வந்ததே!" பொய்யில்லை, வந்திருக்கும். நன்றாக ஓய்வெடுத்த ஒரு காலையில், ஒரே ஒரு ஓட்டத்தில், வயது அவ்வளவாக வெளியே தெரியாது. ஆறு முறை 200 மீட்டர், நடுவில் மூன்று நிமிட ஓய்வு என்று ஓட விடுங்கள். முதல் ஓட்டத்தின் நேரத்தை வைத்துக்கொண்டு, ஐந்தாவதும் ஆறாவதும் அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரம் கழித்து அதே பயிற்சியைத் திரும்பக் கொடுங்கள். இளையவர் பழைய எண்களுக்குப் பக்கத்தில் வந்துவிடுவார். இவருக்கு மூன்றாவது ஓட்டத்திலேயே கால் கனத்துவிடும். அதே ஆளுக்கு 72 அல்லது 96 மணி நேரம் விட்டுப் பாருங்கள், எண்கள் திரும்ப வரும். தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி என்று இரண்டு நாளில் மூன்று முறை ஓட வேண்டிய போட்டிகளில் இவர் பின்தங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மீட்சி தாமதமாவதுதான்.

இங்கேதான் தப்புக் கணக்கு ஆரம்பமாகிறது. உடம்பு தளர்ந்தது என்று நினைத்து ஓய்வு நாளையும் பயிற்சி நாளாக்குவார். அடுத்த வாரம் எண்கள் இன்னும் கெடும், உடனே இன்னொரு செஷன் கூடும். இருபத்திரண்டு வயது டைரியை எடுத்துவைத்துக்கொண்டு அதே அட்டவணையை ஓடுபவர்களும் உண்டு. ஒரு சின்னக் கணக்கு: அதிகபட்ச இதயத் துடிப்பு சராசரியாக 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் வருவது. 25 வயதில் சுமார் 190, 40 வயதில் 180. ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புகூட மாறும். பழைய டைரியில் "90 சதவீதம்" என்று குறித்த 171 துடிப்பு, இப்போது 95 சதவீதம். நடுத்தரப் பயிற்சி என்று நினைத்து வாரத்துக்கு மூன்று முறை போட்டிக்கு இணையாக உடம்பை வாட்டிக்கொண்டிருக்கிறார்.

பிசியோதெரபிஸ்ட்:

கோச் சார் சொன்ன அந்தக் கூடுதல் செஷன்தான் எங்களிடம் நோயாளியாக வந்து சேர்கிறது. தசை சீக்கிரம் பழகிக்கொள்ளும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பழகும். வயது ஏற ஏற அந்த இடைவெளி பெரிதாகிறது. குதிகால் நரம்பு என்று எல்லோரும் சொல்லும் அக்கிலிஸ் தசைநாண்தான் முதலில் முறையிடும்: காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் பத்து அடியில் விறைப்பு, வார்ம்-அப் செய்தால் போய்விடும். "போய்விடுகிறதே" என்பதுதான் ஆபத்து. மாலைக்குள் மறந்துபோவார்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை: சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல், ஒற்றைக் காலில் குதிகாலை முழு உயரத்துக்கு உயர்த்தி இறக்க வேண்டும். களத்தில் இருப்பவர் 25 வரை போக வேண்டும். ஒரு கால் 25, மறு கால் 14 என்றால் அந்தப் பக்கத்தை நம்பி வேகமாக ஓடக் கூடாது. உயரம் குறைந்துவிட்டால் அது எண்ணிக்கையில் சேராது. அதிலும் ஏமாற்றுகிறார்கள்!

இதற்குப் பழகிய முறை: படிக்கட்டின் ஓரத்தில் முன்பாதம் மட்டும் இருக்க நின்று, குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குவது. ஏறும்போது நல்ல காலின் உதவியோடு ஏற வேண்டும், நோகும் காலால் இறங்க மட்டும். முழங்கால் நேராக 15 வீதம் மூன்று முறை, சற்று மடக்கி 15 வீதம் மூன்று முறை, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180 இறக்கம், 12 வாரம். இதைத் தொடங்குபவர்கள் அநேகம், முடிப்பவர்கள் சிலர். ஐந்தாறு வாரத்தில் வலி தணியும், அன்றைக்கே போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடுவார்கள்.

தசைநாண் அறுந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது என்பார்கள், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அதன் பிறகும் நொண்டி நொண்டி நடக்க முடியும், பக்கத்துத் தசைகள் பாதத்தை ஓரளவு அழுத்துவதால். அதனால் சுளுக்கு என்று ஐஸ் வைத்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். குப்புறப் படுக்க வைத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைக்கால் தசையைக் கையால் பிழிந்து பாருங்கள். பாதம் அசையவில்லை என்றால் அன்றே மருத்துவமனை.

போட்டிக்கு முன் வலி மாத்திரை போட்டு ஆடுபவர்களுக்கு: வலிதான் மறைகிறது, சுமை அப்படியே இருக்கிறது. வியர்த்து நீர் குறைந்த உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் சேர்த்து அடிக்கும். தசைநாணிலோ அதை ஒட்டியோ ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு அடுத்த வாரமே குதிப்பது அறுத்துக்கொள்வதற்கு நல்ல வழி.

நீச்சல் பயிற்சியாளர்:

ஒரு மறுப்பு. எல்லோரும் விட்டாக வேண்டும் என்பது போல இது போகிறது. நீச்சல் வீராங்கனை டாரா டோரஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 41 வயதில் மூன்று வெள்ளி வாங்கினார், 50 மீட்டரில் தங்கம் போனது 0.01 விநாடியில். குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் 1994-இல் 45 வயதில் ஹெவிவெயிட் பட்டத்தைத் திரும்பப் பிடித்தார். பார்க்க வேண்டியது என்ன மாற்றினார்கள் என்பதை. டோரஸ் இளவயதில் நீந்திய தூரத்தை வெகுவாகக் குறைத்து, மீட்சிக்கும் வலுப் பயிற்சிக்கும் நேரத்தைக் கொடுத்தார். எதிர்ப்பக்கத்தில் பியார்ன் போர்க்: 26 வயதில் டென்னிஸை விட்டவர், 1991-இல் மான்டி கார்லோ போட்டிக்கு மர ராக்கெட்டோடு திரும்பினார். மற்ற எல்லோரும் கிராஃபைட் ராக்கெட்டுக்குப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. முதல் ஆட்டமே தோல்வி.

நீடிப்பவர் எதையாவது கைவிட்டிருப்பார்: ஒரு ஸ்டைல், ஒரு தூரம், வாரத்தில் இரண்டு செஷன். எதையும் கைவிட மாட்டேன் என்பவரிடம்தான் பிரச்சினை.

அணி நிர்வாகம் பார்ப்பவர்:

காகித வேலையை யாரும் சொல்லவில்லை. ஊக்கமருந்து சோதனைப் பட்டியலில் பெயர் இருக்கும் வீரர் "நான் ஓய்வு பெற்றுவிட்டேன்" என்று பேட்டியில் சொன்னால் ஓய்வு ஆகாது. எழுத்தில் கொடுத்து, பெயர் நீக்கப்பட்டதற்குப் பதில் வரும் வரை இருப்பிட விவரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் இருப்பிட விவரம் கொடுப்பதிலோ சோதனைக்கு அகப்படுவதிலோ மூன்று தவறுதல் ஆனால் அதுவே விதிமீறல், ஒரு மாத்திரைகூடத் தொட்டிருக்க வேண்டியதில்லை. மறுபக்கம், எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாதத்தில் மனம் மாறுபவர்கள். திரும்ப வர ஆறு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவித்து, அந்தக் காலம் முழுக்கச் சோதனைக்குத் தயாராக இருக்க வேண்டும். தோற்ற ராத்திரியில் ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்து வாங்காதீர்கள் என்று நிர்வாகத்தில் இருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று மருந்து. நாற்பதில் ரத்த அழுத்தம் வரும், குடும்ப டாக்டர் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரை எழுதுவார். அது சிறுநீர் பெருக்கி. போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடை. 2022 முதல் குளுகோகார்டிகாய்டு ஊசி, அதாவது பிசியோ சொன்ன அந்த ஸ்டீராய்டு வகை, எந்த வழியில் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. டாக்டரிடம் "நான் இன்னும் ஆடுகிறேன்" என்று சொல்ல வெட்கப்பட்டே மாட்டிக்கொள்வார்கள்.

விளையாட்டு மருத்துவர்:

விடுவது என்று முடிவான பிறகு நடக்கும் பெரிய தவறு ஒரே நாளில் நிறுத்துவது. நிறுத்திய சில நாளிலேயே ரத்தத்தின் திரவ அளவு குறையத் தொடங்கும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆக்சிஜன் கொள்திறன் இறங்குவது தெரியும். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று பயந்துபோய்த் திரும்பக் களத்துக்கு ஓடுவார். "விட்டதால்தான் உடம்பு கெட்டது" என்ற முடிவு மனதில் ஊன்றிவிடும்.

உச்சத்துக்குப் போக அட்டவணை போட்டது போலவே இறங்கவும் போட வேண்டும். வாரத்துக்குப் பத்து செஷன் செய்தவர் என்றால், முதல் நான்கு வாரம் ஏழு, அடுத்த நான்கு வாரம் ஐந்து, பிறகு மூன்று அல்லது நான்கு. குறைப்பது எண்ணிக்கையையும் நேரத்தையும். வாரத்தில் ஒரு நாளாவது தீவிரமான பயிற்சி இருக்கட்டும். தீவிரம் இருந்தால் குறைந்த அளவிலேயே பெரும்பகுதித் திறன் பல வாரம் நிற்கும், அதை வெட்டினால்தான் சடசடவென்று சரியும். வலுப் பயிற்சி இரண்டு நாள், நிறுத்தவே கூடாது. வயதில் முதலில் மெலிவது வேகமாக இயங்கும் தசை இழைகள்.

சாப்பாட்டையும் எண்ணிக்கையில் பாருங்கள். ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகலோரி செலவு. 70 கிலோ எடையுள்ளவர் வாரம் 80 கிலோமீட்டர் ஓடினால் 5,600, அதாவது நாளுக்கு 800. ஓட்டம் நின்ற அன்றே பசி நிற்பதில்லை. தட்டில் அதே அளவு விழுந்தால் மூன்று மாதத்தில் பெல்ட் துளை மாறும். குறைக்க வேண்டியது மாவுப்பொருளை, புரதத்தை அல்ல. எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வைத்திருக்கலாம்.

நீண்ட தூர வீரர்களுக்குத் தனியாக ஒன்று: பல ஆண்டுகள் கடுமையாக ஓடியவர்களிடம் நடுவயதில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத் துடிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. "பழக்கம் விட்ட படபடப்பு" என்று தள்ளாமல் ஈசிஜி எடுங்கள். தூக்கமின்மை, எரிச்சல் சில வாரம் இருக்கும். வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் அட்டவணை பேசிக்கொண்டிருக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மூத்தோர் தடகள நடுவர்:

முழுதாக விட முடியாதவர்களுக்கு எங்கள் பக்கம் வாசல் திறந்துதான் இருக்கிறது. உலக மூத்தோர் தடகளம் 35-இல் தொடங்கி ஐந்தைந்து வயதாகப் பிரிகிறது. குண்டு எறிதலில் ஆண்களின் குண்டு 49 வரை 7.26 கிலோ, 50-இல் 6, 60-இல் 5, 70-இல் 4, 80-இல் 3. பெண்களுக்கு 49 வரை 4 கிலோ, 50 முதல் 3, 75 முதல் 2.

இதில் ஒரு வேடிக்கை. ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பிறகு 6 கிலோ குண்டு முன்பைவிடத் தள்ளிப் போகும். பழைய பெருமை தலைக்கேறி, தோள் தயாராகும் முன் முழு வேகத்தில் வீசி நாசமாக்கிக்கொள்வார்கள். எங்கள் மைதானத்தில் அடிக்கடி பார்ப்பது இன்னொன்று: முன்னாள் சாம்பியன்களுக்குத் தொடையின் பின்தசை கிழிவது. சாதாரணமாக ஓட வந்தவர்களுக்கு அவ்வளவாக நடப்பதில்லை. பழைய ஆட்கள் பதினைந்து நிமிட வார்ம்-அப்போடு ஸ்டார்ட்டிங் பிளாக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். முப்பது நாற்பது நிமிடம் வேண்டும், கடைசியில் 60 மீட்டர் ஓட்டம் நான்கு, 70, 80, 85, 90 சதவீத வேகத்தில்.

குறுந்தூர ஓட்டப் பயிற்சியாளர்:

நல்ல விவரங்கள். கோச்சாக மாறுபவர்களைப் பற்றி ஒன்று மட்டும் சேர்த்துவிடுகிறேன். முதல் ஆறு மாதம் இவர்களால் செய்து காட்டாமல் இருக்க முடியாது. பதினாறு வயதுப் பையனோடு பக்கத்து லேனில் ஓடி, அவனை முந்தி, அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருப்பார். பையன் அடுத்த வாரம் வரமாட்டான். ஸ்பைக்ஸை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். சாதாரண ஷூ, ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், மறு கையில் நோட்டு. இரண்டு கையும் நிறைந்திருந்தால் பிளாக்கில் குனிய முடியாது.