கடை பில்லிங் டேப்லெட் தானா அணையுது: ஆடிக்கு முன்ன புதுசு வாங்கணுமா, தீபாவளி வரை ஓட்டலாமா?

எம்சிரோடு_ஜவுளி:
அவசரம். கடை டேப்லெட் ரொம்ப ஸ்லோ, அப்பப்ப தானா அணைஞ்சுடுது. ஆடி பொறக்க 12 நாள்தான் இருக்கு. இப்பவே புதுசு வாங்கணுமா, தீபாவளி ஆஃபர் வரைக்கும் தள்ளலாமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

பெரம்பூர்_லோகோ:
எந்த வருஷ மாடல்? ரேம் எவ்வளவு, ஸ்டோரேஜ்ல காலி எவ்வளவு, ஆண்ட்ராய்டு எத்தனை? முக்கியமா, அணையும்போது பேட்டரி எத்தனை சதவீதம் காட்டுது?

திருவொற்றியூர்_அலை:
சார்ஜிங் போர்ட்தான் காரணம். நம்ம பக்கம் உப்புக்காத்து. டைப் சி ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, பின்னு பச்சையா பூத்திருக்கும். 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மென்மையான பிரஷ்ல தேய்ச்சு, நல்லா காய விட்டு அப்புறம் சார்ஜ் போடுங்க.

பெரம்பூர்_லோகோ:
அலை அண்ணா, ஜவுளிக்கடைன்னு பேர்லயே இருக்கு. போர்ட்டுல இருக்கப்போறது பஞ்சு. துணித்தூசி உள்ள அடைஞ்சு, பிளக் முழுசா உட்காராது. டேப்லெட்டை அணைச்சுட்டு மரப் பல்குச்சியால மெதுவா கிளறினா கட்டியா வரும். குண்டூசி மட்டும் வேணாம், உள்ள இருக்கற பின்னு வளைஞ்சுடும்.

திருவொற்றியூர்_அலை:
வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடலுக்கு 2 கிலோமீட்டருக்குள்ளதான் இருக்கு. பஞ்சு ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், அதுல உப்பு சேர்ந்தா பின்னு இன்னும் சீக்கிரம் அரிக்கும். நான் சொன்னதும் அதேதான்.

மூலக்கொத்தளம்_மூத்தவர்:
இருவரும் போர்ட்டை விட்டு வெளியே வாருங்கள். கேட்டவர் இன்னும் ஒரு விவரமும் தரவில்லை. தம்பி, வைத்தியரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் மருந்து கிடைக்குமா? இப்படிக் கேட்காதீர்கள் என்று பல முறை எழுதிவிட்டேன். பின்பக்க மாடல் எண், வயது, எந்த வேலையின்போது அணைகிறது: இந்த மூன்றும் இல்லாமல் எவரும் பதில் எழுத வேண்டாம்.

எம்சிரோடு_ஜவுளி:
மன்னிக்கணும் சார். 2019ல வாங்கினது. 10 இஞ்ச், 2 ஜிபி ரேம், 32 ஜிபி, ஆண்ட்ராய்டு 11, வைஃபை மட்டும். காலி 1.4 ஜிபி. காலையில இருந்து ராத்திரி வரை சார்ஜர்லயேதான் இருக்கும். சார்ஜரைக் கழட்டி ஓட்டறப்ப, அணையும்போது 40, 38 காட்டும். பார்கோடு ஸ்கேன் பண்றப்பதான் பெரும்பாலும் அணையுது.

பெரம்பூர்_லோகோ:
'சார்ஜர்லயே இருக்கும்', 'ஸ்கேன் பண்றப்ப அணையும்'. இது ரெண்டும் போதும், பேட்டரி செல் தளர்ந்துடுச்சு. கேமரா, முழு வெளிச்சம், புராசஸர் மூணும் ஒரே நேரத்துல கரண்ட் இழுக்கும்போது வயசான செல்லோட உள்தடை அதிகம்கறதால வோல்ட்டேஜ் சட்டுனு சரியுது. சதவீதம் 40 காட்டினாலும் வோல்ட்டேஜ் தாங்காம மெஷின் அணைஞ்சுடும். வோல்ட்டேஜ் காட்டற பேட்டரி ஆப் ஒண்ணு போட்டு, சார்ஜரைப் பிடுங்கிட்டுப் பாருங்க. சும்மா இருக்கும்போது 3.7 வோல்ட், கேமரா திறந்ததும் 3.4க்குக் கீழனா உறுதி.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. உறையைக் கழட்டி, கண்ணாடி மேஜையில மல்லாக்க வெச்சு மூலையை அழுத்துங்க. ஆடுதா? ஸ்கிரீன் ஓரம் தூக்கியிருக்கா? இருந்தா செல் வீங்கியிருக்கு. அந்த நிமிஷமே சார்ஜைப் பிடுங்கிடணும். சுத்தி அவ்வளவு துணி இருக்கற இடம், விளையாட்டு இல்ல.

கொடுங்கையூர்_சிப்:
ஸ்லோவுக்கு பேட்டரி காரணமில்ல. 32ல 1.4 காலின்னா ஃபிளாஷ் மெமரிக்கு எழுத இடமே இல்ல, ஒவ்வொரு பில்லுக்கும் பழைய பிளாக்கை அழிச்சு அழிச்சு எழுதுது. 6 ஜிபியாவது காலி பண்ணுங்க. 2 ஜிபி ரேம்ல வாட்ஸ்அப் திறந்தா பில்லிங் ஆப் பின்னாடி மூடிடும், வாட்ஸ்அப்பை இந்த மெஷின்ல இருந்தே எடுத்துடுங்க. 500 ரூபாய் மெமரி கார்டுல ஆப்பை மாத்தறேன்னு மட்டும் போயிடாதீங்க.

ராயபுரம்_கணக்கு:
வீங்கலன்னா ஒரிஜினல் பேட்டரி போட்டு, தனி பார்கோடு ஸ்கேனர் ஒண்ணு இணைச்சா கேமரா சுமை போயிடும், தீபாவளி வரை ஓடும். ஆனா பேட்டரியும் கூலியும் சேர்ந்து புதுசு விலையில கால் பங்கைத் தாண்டினா வேணாம். ஆஃபர்ல எப்படியும் குறையும், பொறுத்திருக்கறதுல நஷ்டமில்ல.

கொடுங்கையூர்_சிப்:
அந்தக் கணக்கு இப்ப செல்லாது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் போயிட்டதால 2025 கடைசியில இருந்து சிப் விலை ஏறுது. 8 ஜிபி மாடல்ல அது நேரா தெரியும். ஆஃபர்ல 2,000 குறைச்சாலும், குறைக்கறது ஏறின விலையில இருந்துதான்.

ராயபுரம்_கணக்கு:
விலை ஏறினதை ஒத்துக்கறேன். அப்ப வரியையும் பாருங்க. 2025 செப்டம்பர் 22 ஜிஎஸ்டி மாற்றத்துல பெரிய டிவி 28%ல இருந்து 18%க்கு வந்துச்சு, டேப்லெட் ஏற்கெனவே 18, அப்படியே நிக்குது. வரி குறையும்னு காத்திருக்க வேணாம். ஆனா கடை ரெகுலர் ஜிஎஸ்டில இருந்தா, கடையோட ஜிஎஸ்டி எண் போட்டு பில் வாங்குங்க, அந்த 18ஐ உள்ளீட்டு வரியா எடுத்து, நீங்க கட்டற ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம். சின்னக் கடைகளுக்கான காம்போசிஷன் திட்டம்னா கிடையாது. பில் இல்லாம பர்மா பஜார்ல மலிவா வாங்கினா இந்த லாபம் போச்சு.

மூலக்கொத்தளம்_மூத்தவர்:
விலையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆண்ட்ராய்டு 11க்கு கூகுள் பாதுகாப்புத் திருத்தம் தருவது 2024 பிப்ரவரியோடு முடிந்தது. பணம் புழங்கும் கருவியில் அதை வைத்திருப்பதே தவறு. வாங்கினால் 8 ஜிபி ரேம், 128 ஜிபி, இன்னும் குறைந்தது 4 ஆண்டு திருத்தம் வரும் மாடல். அதற்குக் கீழே போக வேண்டாம்.

மாற்றும்போது பெரும்பாலோர் செய்யும் பிழையையும் சொல்கிறேன். பழையதில் பேக்கப்பை கூகுள் டிரைவிலும் பென்டிரைவிலும் எடுத்து, ஆப் உரிமத்தைப் பழையதிலிருந்து விடுவித்து, புதியதில் ஏற்றிய பின் கடைசி பில் எண்ணையும் ஐந்து சரக்கின் இருப்பையும் ஒப்பிடுங்கள். இரண்டு கருவியிலும் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் பில் போட்டால் எண் இரட்டிக்கும். ஒரு நிதியாண்டில் பில் எண் திரும்ப வரக்கூடாது. இரண்டும் ஓட வேண்டுமானால் புதியதற்கு வேறு முன்னெழுத்து வைத்துத் தனி வரிசை தொடங்குங்கள். முன்னெழுத்தோடு சேர்த்து 16 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஆடி முதல் நாள் காலையில் மாற்றாதீர்கள், ஒரு வாரம் முன்பே ஓட்டிப் பாருங்கள்.

திருவொற்றியூர்_அலை:
புதுசு வாங்கினாலும் போர்ட்டுக்கு ரப்பர் மூடி போடுங்க. பஞ்சோ உப்போ, ரெண்டும் உள்ள போகாது.

பெரம்பூர்_லோகோ:
அதுல நானும் உங்க பக்கம்தான். கூடவே, பேட்டரியை 80லயோ 85லயோ நிறுத்தற செட்டிங் இருந்தா முதல் நாளே போட்டுடுங்க. நாள் முழுக்க 100ல நிக்கறதும் சூடும்தான் பழைய செல்லைக் கெடுத்திருக்கும்.

ஜவுளி ப்ரோ, மேஜையில வெச்சுப் பாத்தீங்களா?

கொடுங்கையூர்_சிப்:
3 நாளாச்சு, ஆளைக் காணோம்.

எம்சிரோடு_ஜவுளி:
மேஜையில ஆடிச்சு. இடது ஓரம் ஸ்கிரீன் தூக்கியிருக்கு. சார்ஜ் போடறதை நிறுத்தியாச்சு. 8/128 ஒண்ணு ஜிஎஸ்டி பில்லோட வாங்கியாச்சு. பில் நம்பர் சரியா தொடருது. ஆனா 2 இஞ்ச் புளூடூத் பிரிண்டர் ஆப்ல வரவே மாட்டேங்குது, பழையதுல வந்துச்சு.

பெரம்பூர்_லோகோ:
ஆண்ட்ராய்டு 12ல இருந்து ஆப்புக்கு 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதி தனியா கொடுக்கணும். செட்டிங்ஸ், ஆப்ஸ், உங்க பில்லிங் ஆப், அனுமதிகள். பழைய டேப்லெட்ல புளூடூத்தை அணைச்சுடுங்க, அது பிடிச்சு வெச்சிருந்தா புதுசு இணையாது. இணைக்கும்போது பின் நம்பர் கேட்டா 0000, இல்லன்னா 1234.

எம்சிரோடு_ஜவுளி:
வந்துடுச்சு. 0000.

மூலக்கொத்தளம்_மூத்தவர்:
வீங்கிய பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், குத்தவோ பிரிக்கவோ வேண்டாம். துணியில்லாத இடத்தில், வெயில் படாமல், மண் நிரப்பிய சட்டியில் வைத்து, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். அதில் உள்ள பில் தரவை முதலில் அழித்துவிடுங்கள். அதற்காக மீண்டும் சார்ஜ் போடாதீர்கள், இருக்கும் சார்ஜிலேயே முடியுங்கள்.