யுஎஸ்பி பிளாப்பி டிரைவ்: லோ-லெவல் ஃபார்மேட் வேண்டுமா, எம்கேஎஃப்எஸ் போதுமா?

நூல்கண்டு:
எங்களுடைய எம்பிராய்டரி மெஷின் பழசு, டிசைனை பிளாப்பியில் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் மாட்டியிருக்கிறேன். மவுண்ட் செய்து (டிஸ்க்கை சிஸ்டத்தோடு இணைத்து) காப்பி அடித்தால் எரர் எதுவும் வருவதில்லை. மெஷினில் போட்டால் சில டிசைன்களைப் படிக்க மறுக்கிறது. டிராக் என்ற வட்டங்களையும் அவற்றிலுள்ள செக்டர் என்ற துண்டுகளையும் புதிதாக எழுதும் (லோ-லெவல் ஃபார்மேட்) எஃப்டிஃபார்மேட் கமாண்டும் இந்த டிரைவில் ஓடவில்லை. என்ன செய்யலாம்?

டெர்மினல்தாசன்:
எஃப்டிஃபார்மேட் ஓடாது. அது மதர்போர்டில் நேராக மாட்டிய, எஃப்டி0 என்று வரும் டிரைவுக்கானது. யுஎஸ்பி டிரைவ் கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) எஸ்டிபி மாதிரி பெயரில் வரும் ஒரு ஸ்கசி (ஹார்ட் டிஸ்க் போன்ற) டிஸ்க். அதற்கு லோ-லெவல் செய்ய யுஎஃப்ஐஃபார்மேட் இருக்கிறது. முதலில் அதை ஓட்டுங்கள், பிறகு ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை வைக்கும் அமைப்பு) போட எம்கேஎஃப்எஸ்.வீஃபேட்.

பைட்பைராகி:
எடுத்த எடுப்பிலேயே லோ-லெவலா? அவர் சொல்வதைப் பார்த்தால் அம்மவுண்ட் செய்யாமல் (இணைப்பை முறையாக விடுவிக்காமல்) டிஸ்க்கை உருவுகிறார் என்றுதான் தோன்றுகிறது. காப்பி கமாண்ட் உடனே முடிந்துவிடும், ஆனால் டேட்டா இன்னும் ரேமில் இருக்கும். பிசி டிரைவின் பட்டன் வெறும் மெக்கானிக்கல், அமுக்கினால் கெர்னலால் தடுக்க முடியாது. மவுண்டே வேண்டாம், அது இல்லாமலே பிளாப்பியில் எழுதும் எம்டூல்ஸ் போடுங்கள்:

எம்காப்பி -ஐ /டெவ்/எஸ்டிபி டிசைன்.டிஎஸ்டி ::

ப்ராம்ப்ட் திரும்பி வந்து, விளக்கும் அணைந்த பிறகு உருவலாம்.

டெர்மினல்தாசன்:
எம்டூல்ஸ் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் டிஸ்க் சரியாக இருக்கிறதா என்று அது சொல்லாதே! 1.44 எம்பி பிளாப்பியில் 80 டிராக், 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், ஆக 2880 செக்டர். எம்கேஎஃப்எஸ் தொடுவது பூட் செக்டர் 1, இரண்டு ஃபேட்டுக்கு (எந்த ஃபைல் எங்கே என்ற அட்டவணை) 18, ரூட் டைரக்டரிக்கு 14. மொத்தம் 33. மிச்சம் 2847 செக்டர் செத்துக் கிடந்தாலும் "முடிந்தது" என்றுதான் சொல்லும்.

பைட்பைராகி:
அதற்கு எம்கேஎஃப்எஸ்-இலேயே -சி கொடுத்தால் போதும், ஃபைல் சிஸ்டம் போடும் முன்பு பழுதான பிளாக்குகளைத் தேடிவிடும். சாதாரணமாக எழுதும்போது செக்டரின் டேட்டா பகுதி மட்டும்தான் மாறும். லோ-லெவலில் டிராக் எண், செக்டர் எண் உள்ள தலைப்பு உட்பட எல்லாமே புதிதாக எழுதப்படும். உங்கள் டிரைவின் ஹெட் (படித்து எழுதும் முனை) ஒரு மயிரிழை விலகியிருந்தால் அந்த விலகலோடு மொத்த டிஸ்க்கும் எழுதப்பட்டுவிடும். உங்கள் டிரைவ் தன் கையெழுத்தை அழகாகப் படிக்கும், மெஷின் முழிக்கும். இவர் கேஸே அதுவாக இருக்கலாம்.

டெர்மினல்தாசன்:
ஹெட் விலகியிருந்தால் சாதாரணமாக எழுதும் டேட்டாவும் விலகித்தானே விழும்? பழைய தலைப்பு ஒரு கோட்டில், புது டேட்டா இன்னொரு கோட்டில். அது இன்னும் மோசம்.

பைட்பைராகி:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஃபார்மேட் நடக்க வேண்டிய இடம் மெஷின், லினக்ஸ் இல்லை. படிக்க வேண்டியது அதுதான்.

நூல்கண்டு:
மெனுவில் ஃபார்மேட் இருக்கிறது. இன்றைக்கு அம்மவுண்ட் கொடுத்து, விளக்கு அணைந்த பிறகு எடுத்தேன். எல்லா டிசைனும் வந்தது. ஒரே ஒரு டிஸ்க் மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது.

டெர்மினல்தாசன்:
அந்த ஒன்றை மெஷினிலேயே ஃபார்மேட் செய்து பாருங்கள். அதற்கு முன் மெஷின் ஒழுங்காகப் படிக்கும் ஒரு டிஸ்க்கை டிடி கமாண்ட் கொண்டு இமேஜ் (முழு டிஸ்க்கின் நகல்) எடுத்துவையுங்கள். அளவு 14,74,560 பைட் வந்தால் 1.44. 7,37,280 வந்தால் மெஷின் 720 கேபி ஆசாமி, அதற்கு எச்டி (1.44) டிஸ்க் கொடுக்கக் கூடாது.

பைட்பைராகி:
இதில் மட்டும் சண்டை இல்லை. டிடி கொடுக்கும்போது இஃப் (எதிலிருந்து), ஆஃப் (எதற்கு) இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.