வக்கீல் நிறுவனங்களின் 'வென்ற வழக்குகள்' பக்கத்தை எப்படிப் படிப்பது?

மாறன் (ஆஸ்டின்) கேட்கிறார்:

வணக்கம். இங்கே டெக்சஸில் என் தம்பியின் காரைப் பின்னாலிருந்து ஒரு கண்டெய்னர் லாரி இடித்துவிட்டது. தொடை எலும்பில் கம்பி வைத்து வீட்டில் படுத்திருக்கிறான். வேலைக்குப் போக இன்னும் பல மாதம் ஆகும். லாரிக்காரர்களின் இன்சூரன்ஸ் ஆள் போன் மேல் போன் போட்டு, ஒரு தொகை தருகிறோம், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்கிறார்.

வக்கீல் வைப்பது என்று முடிவு செய்து மூன்று நிறுவனங்களிடம் பேசினோம். மூவருடைய வலைத்தளத்திலும் கண்ணில் படுவது ஒன்றுதான்: இந்த வழக்கில் ஜூரி இத்தனை மில்லியன் டாலர் கொடுத்தது, அந்த வழக்கில் அத்தனை மில்லியன். எவருடைய தொகை பெரியதோ அவரிடமே போகலாம் என்கிறான் தம்பி. எனக்கு என்னவோ உறுத்துகிறது. அந்தத் தொகையெல்லாம் கட்சிக்காரர் கைக்கு உண்மையிலேயே வந்ததா?

செந்தில்நாதன்:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போய் ஜெயித்த பெயர் இருந்தால்தான் இன்சூரன்ஸ்காரன் இறங்கி வருவான். எல்லா வழக்கையும் பாதியில் சமரசம் பேசி முடிக்கிற ஆபீஸ் என்றால் அவனுக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்கும், அதற்கேற்ற மாதிரி குறைத்துத்தான் கொடுப்பான்.

கமலா_ஹூஸ்டன்:

மாறன், நான் ஹூஸ்டனில் ஒரு வக்கீல் ஆபீஸில் பாராலீகல், அதாவது வக்கீல்களுக்கு வழக்கு வேலையில் உதவுகிறவள். விபத்தில் அடிபட்டவர்கள் பக்கம் வாதாடுகிற ஆபீஸ்தான், எங்கள் சுவரிலும் இப்படி ஒரு பட்டியல் தொங்குகிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அந்தப் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் ஜூரி சொன்ன தொகை. ஜூரி சொன்னதை நீதிபதி குறைக்கலாம், மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பு வெட்டலாம், மேல்முறையீட்டில் முழுவதுமே போகலாம். எங்கள் ஊர்ப்பக்கமே நடந்ததைப் பாருங்கள். 2005இல் ஹூஸ்டனுக்குத் தெற்கே ஆங்கிள்டன் கோர்ட்டில், வயாக்ஸ் என்ற வலி மாத்திரை சாப்பிட்டு வந்த கணவரை இழந்த ஒரு பெண்மணிக்கு, அந்த மாத்திரையைத் தயாரித்த மெர்க் நிறுவனம் 25.34 கோடி டாலர் தர வேண்டும் என்றது ஜூரி. ஊர் உலகமெல்லாம் அதுதான் செய்தி. டெக்சஸில் தண்டனை இழப்பீட்டுக்கு (நஷ்டத்துக்கு மேல், தண்டிப்பதற்கென்றே போடுகிற தொகை) உச்சவரம்பு உண்டு, அதை வைத்துக் கணக்குப் போட்டதும் தொகை 2.6 கோடி அளவுக்கு இறங்கியது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்தது. சல்லிக்காசு கிடையாது.

அந்த வழக்கை நடத்திய மார்க் லேனியர்தான் 2018இல் செயின்ட் லூயிஸில் ஜான்சன் அண்ட் ஜான்சன் டால்கம் பவுடர் வழக்கில் 22 பெண்களுக்காக 469 கோடி டாலர் தீர்ப்பு வாங்கினார். மேல்முறையீட்டில் 212 கோடியாகக் குறைந்தது. 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மனுவை எடுக்க மறுத்தது, அந்தத் தொகை நின்றது. ஒரே வக்கீல், ஒன்றில் பூஜ்யம், ஒன்றில் பாதிக்கும் குறைவு என்றாலும் நிஜமான பணம். ஜூரி சொன்ன இரண்டு எண்களை மட்டும் பார்த்து எது நிற்கும், எது விழும் என்று நீங்கள் சொல்லியிருக்க முடியுமா?

இன்னொன்று, எல்லோரும் கேலி பேசுகிற மெக்டொனால்ட்ஸ் காபி வழக்கு. கேலி செய்பவர்கள் பாதிப் பேருக்கு விவரம் தெரியாது. 79 வயதுப் பாட்டி, காபி கொட்டித் தோல் வெந்து ஒட்டு அறுவை சிகிச்சை செய்யும் அளவுக்குப் போனது. 20,000 டாலர் கொடுத்தால் போதும் என்றார். கம்பெனி 800 டாலர் தருவதாகச் சொன்னது. 1994இல் ஜூரி 2 லட்சம் இழப்பீடு போட்டு, அவர் பக்கத் தவறு என்று 20 சதவீதம் கழித்து 1.6 லட்சம் ஆக்கியது, அதோடு 27 லட்சம் தண்டனை இழப்பீடு. நீதிபதி அந்த 27 லட்சத்தை 4.8 லட்சமாக்கினார். அப்புறம் இரு தரப்பும் ரகசியமாகச் சமரசம் செய்துகொண்டார்கள், கடைசித் தொகை வெளியே வரவில்லை. இன்றைக்கும் ஜனங்கள் வாயில் இருப்பது அந்த 27 லட்சம்தான்.

எதிராளியிடம் எவ்வளவு இருக்கிறது என்பதும் முக்கியம். 1985இல் இதே ஹூஸ்டனில் ஜோ ஜமேல் என்ற வக்கீல், டெக்சகோ எண்ணெய்க் கம்பெனிக்கு எதிராகப் பென்சாயில் எண்ணெய்க் கம்பெனிக்கு 1,053 கோடி டாலர் தீர்ப்பு வாங்கினார். மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் தீர்ப்புத் தொகை அளவுக்கு ஜாமீன் பத்திரம் கட்ட வேண்டும் என்பது அன்றைய டெக்சஸ் விதி. அவ்வளவு பெரிய கம்பெனியாலேயே முடியவில்லை, 1987இல் திவால் மனு போட்டது. கடைசியில் 300 கோடிக்கு முடித்துக்கொண்டார்கள்.

உங்கள் விஷயத்தில் எதிரே இருப்பது ஒரு லாரி கம்பெனி. மாநிலம் விட்டு மாநிலம் சாதாரண சரக்கு ஏற்றும் லாரிக்கு மத்திய விதிப்படி குறைந்தபட்ச இன்சூரன்ஸ் 7.5 லட்சம் டாலர். நிறையப் பேர் ஒரு மில்லியனுக்கு எடுத்திருப்பார்கள். அதற்கு மேல் அந்தக் கம்பெனிக்குச் சொத்து இல்லையென்றால் ஜூரி ஐந்து மில்லியன் சொன்னாலும் வசூலிப்பது பெரும்பாடு. ஆகவே அந்த மூன்று பேரிடமும் இதைக் கேளுங்கள்: "லாரி வழக்குகளில் கடைசியாக முடிந்தவற்றில் கட்சிக்காரர் கையில் வாங்கியது எவ்வளவு? அவற்றை ஜூரி முன் நடத்தியது நீங்களா, வேறு ஆபீஸுக்கு அனுப்பினீர்களா?" பெயர்களைச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் பதில் சொல்கிற விதத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

செந்தில் சொன்னதும் உண்மைதான், ஜூரி முன் நிற்கத் தெரிந்தவர் வேண்டும். அதற்கு அந்த 'வென்ற வழக்குகள்' பக்கம் ஒரு சாட்சி. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நியூயார்க்கில் இப்படி விளம்பரம் செய்தால், பழைய முடிவுகள் இதே போன்ற முடிவுக்கு உத்தரவாதம் அல்ல என்று கூடவே போட வேண்டும் என்று விதியே இருக்கிறது. பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

ராதா_டாலஸ்:

என் கணவருடைய விபத்து வழக்கு சமரசத்தில் முடிந்தது. நாங்கள் நினைத்ததற்கும் காசோலையில் வந்ததற்கும் சம்பந்தமே இல்லை. மாறன், ஒப்பந்தத்தில் வக்கீல் எடுக்கும் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். உதாரணமாக 3 லட்சம் டாலர் என்று வையுங்கள். வக்கீலுக்கு 40 சதவீதம், செலவு 35,000, வைத்தியச் செலவைக் கொடுத்த இன்சூரன்ஸ் திருப்பிக் கேட்பது 50,000. மொத்தத் தொகையில் வக்கீல் பங்கை முதலில் எடுத்தால் உங்களுக்கு 95,000. செலவைக் கழித்துவிட்டு மீதியில் 40 எடுத்தால் 1,09,000. ஒப்பந்தத்தின் ஒரே ஒரு வாக்கியத்தில் 14,000 டாலர் வித்தியாசம். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வாக்கியம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், எரிச்சல்தான் வரும்.

மாறன் (ஆஸ்டின்):

எல்லோருக்கும் நன்றி. ராதா அக்கா சொன்ன வாக்கியத்தை மூன்று ஒப்பந்தத்திலும் தேடுகிறேன். கமலா மேடம், தம்பி எழுந்து நடக்கிற வரை பொறுத்து நிதானமாக வக்கீல் தேடினால் தப்பா? டெக்சஸில் இரண்டு வருடம் டைம் இருக்கிறதாமே?

கமலா_ஹூஸ்டன்:

வழக்குப் போட இரண்டு வருடம், சரிதான். ஆதாரம் அதுவரை காத்திருக்காது. டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்ற பதிவுகளைக் கம்பெனி ஆறு மாதம்தான் வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு அழித்தாலும் விதிப்படி குற்றமில்லை. லாரி எஞ்சினில் உள்ள கருவியில் பிரேக், வேகம் எல்லாம் பதிவாகியிருக்கும். வண்டியைச் சரிசெய்து ரோட்டில் விட்டால் அதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். எதையும் அழிக்காதே என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் போக வேண்டும், அது வக்கீல் அனுப்புகிற முதல் கடிதம். சேர்ந்த அன்றைக்கே அனுப்புவீர்களா என்று மூவரிடமும் கேளுங்கள்.

பேச்சுவாக்கில் தம்பி, "நானும் கொஞ்சம் திடீரென்று பிரேக் போட்டேன்" என்று இன்சூரன்ஸ் ஆளிடம் சொல்லிவிடப் போகிறான். டெக்சஸில் தவறு அவன் பக்கம் 50 சதவீதத்துக்கு மேல் என்று ஜூரி சொன்னால் ஒன்றும் கிடைக்காது, அதற்குக் கீழே என்றால் அந்த அளவு கழியும். போன் வந்தால், வக்கீல் பேசுவார் என்று வைத்துவிடச் சொல்லுங்கள். கையெழுத்து எதிலும் வேண்டாம்.