பிளஸ் டூ சென்டம் இருந்தால் ரியல் அனாலிசிஸ் வந்துவிடுமா?

கணக்குவாத்தி: "பிளஸ் டூ கணக்கில் சென்டம் எடுத்த பிள்ளை பிஎஸ்சி மேத்ஸை ஊதித் தள்ளிவிடும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் நடத்தும் ரியல் அனாலிசிஸ் வகுப்பில், அதாவது கால்குலஸை நிரூபணத்தோடு படிக்கும் பாடத்தில், ஒரு சென்டம் பையன். ஒரு சார்பு (எண்ணைக் கொடுத்தால் ஓர் எண்ணைத் தரும் விதி) ஒரு புள்ளியில் அறுபடாமல் போவதைத்தான் தொடர்ச்சி என்கிறோம். அதற்கு வரையறை எழுதச் சொன்னேன். அதில் எப்சிலான் என்பது சார்பின் மதிப்பு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு, டெல்டா என்பது அதற்காக நாம் கொடுக்கும் எண் அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு. "ஒரு டெல்டா உண்டு, அது எல்லா எப்சிலானுக்கும் சரிவரும்" என்று எழுதினான். எப்சிலானை முதலில் கொடுத்த பிறகுதானே டெல்டாவைத் தேட வேண்டும்? இவன் எழுதியபடி பார்த்தால், அந்தப் புள்ளியைச் சுற்றி மாறாமல் நிற்கும் சார்பு மட்டும்தான் தேறும்.

காவிரிக்கரை: எழுதியது நான்தான். என் மகள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வாங்கிய சென்டம் அது. உங்களுக்கு மார்க் எடுக்கிற பிள்ளைகளைக் கண்டாலே ஆகாது. டியூஷன் விவாதத்திலும் இதே பேச்சுதான் பேசினீர்கள்.

கணக்குவாத்தி: டியூஷனை ஏன் இழுக்கிறீர்கள்? உழைப்பை நான் குறை சொல்லவே இல்லை. புக் பேக் கணக்கைப் பத்துத் தடவை போட்டாலும் சென்டம் வரும். எப்சிலான் முதலா, டெல்டா முதலா என்பது அதில் வராது.

சிறுசேரி87: வாத்தியார் சொல்வது சரி. சிஎம்ஐ (சென்னைக் கணிதக் கழகம்) நுழைவுத் தேர்வில் இரண்டாம் பகுதி முழுக்க விளக்கி எழுத வேண்டிய கணக்கு. விடை மட்டும் போட்டால் வேலைக்கு ஆகாது.

காவிரிக்கரை: எல்லோரும் சிஎம்ஐயா போகிறார்கள்? கணித மேதை ராமானுஜனையே எஃப்.ஏ.வில் (அந்தக் காலத்து இன்டர்மீடியட் தேர்வு) ஃபெயிலாக்கிய ஊர் இது. பரீட்சையை வைத்து யாரைத்தான் எடை போட முடியும்?

சிறுசேரி87: இவ்வளவு நேரம் சென்டத்தைத் தூக்கிப் பிடித்தது யார்? அதுவும் பரீட்சைதானே! ராமானுஜன் கணக்கிலா ஃபெயில் ஆனார்? மற்ற பாடங்களில். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போனது ஆங்கிலத்தால்.

காவிரிக்கரை: கும்பகோணத்துக்காரனுக்கே ராமானுஜன் கதை சொல்கிறீர்களா? நான் படித்ததே அந்தக் கல்லூரியில்தான்.

சிறுசேரி87: அங்கே படித்துமா இப்படி எழுதுகிறீர்கள்?

கணக்குவாத்தி: ராமானுஜனை விடுங்கள், டெல்டாவுக்கு வாருங்கள். 100-ன் வர்க்கம் 10000. 100.01-ன் வர்க்கம் 10002.0001. எண்கள் 0.01தான் தள்ளி இருக்கின்றன, வர்க்கங்கள் 2-க்கு மேல் விலகிவிட்டன. 1000-க்கும் 1000.001-க்கும் போட்டுப் பாருங்கள், அப்போதும் 2-க்கு மேல்தான். அதாவது எப்சிலானை 1 என்று வைத்தால், எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒரே டெல்டா கிடைக்காது. ஆனாலும் வர்க்கம் காணும் அந்தச் சார்பு ஒவ்வொரு புள்ளியிலும் தொடர்ச்சிதான். இது எப்படி என்று ஒரு பிள்ளை தன் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதட்டும், மார்க் ஷீட்டே கேட்காமல் மேல்வகுப்பில் உட்கார வைக்கிறேன். உங்கள் மகளிடமே கேட்டுப் பாருங்களேன்.

காவிரிக்கரை: அவளுக்கு நாளைக்கு இன்டர்னல் தேர்வு. கேட்க மாட்டேன். சென்டம் சென்டம்தான்.

கணக்குவாத்தி: எந்தப் பாடத்தில் இன்டர்னல்?