வாங்கி ஜீ புரதத்தை எப்படி ‘ஓன்’ பண்ணுது? (உயர்தர உயிரியல்)

முறிகண்டிப் பிள்ளை:
கிளிநொச்சியில உயர்தரம் படிக்கிறன். அதிரினலின் ஓமோன் கலமென்சவ்வில இருக்கிற வாங்கியில (receptor) பிடிச்சதும், உள்பக்கம் செய்தி கடத்திற ஜீ புரதத்தில இருக்கிற ஜீ.டி.பி (ரெண்டு பொசுபேற்று உள்ளது), ஜீ.ரி.பி (மூண்டு உள்ளது) ஆகுது எண்டு குறிப்பில கிடக்கு. அப்ப மூண்டாவது பொசுபேற்றை வாங்கிதான் குடுக்குதோ? பிறகு எப்பிடி ‘ஓஃப்’ ஆகுது? ஆராவது விளக்குங்கோ.

கனகராயன்:
இல்லைத் தங்கச்சி, வாங்கி பொசுபேற்று ஒண்டும் குடுக்கிறேல்லை. பழைய ஜீ.டி.பி கழண்டு போக, குழியவுருவில ஏற்கெனவே இருக்கிற வேறொரு ஜீ.ரி.பி அந்த இடத்தில வந்து குந்துது. குறிப்பில ‘ஆகுது’ எண்டு எழுதினதுதான் குழப்பம்.

வாங்கி, மென்சவ்வை ஏழு தரம் ஊடறுக்கிற புரதம். வெளிப்பக்கத்தில அதிரினலின் பிடிக்க, ஆறாவது சுருளின்ர உள்முனை வெளிப்பக்கமா விலகும். அதிரினலின் வாங்கிகளில ஒண்டான பீற்றா-2 வாங்கியும் ஜீ புரதமும் சேர்ந்திருந்த 2011 படிகக் கட்டமைப்பில இந்த விலகல் 14 ஆங்ஸ்ட்ரொம். அந்த இடைவெளிக்குள்ள ஜீ புரதத்தின்ர மூண்டு துண்டில (அல்பா, பீற்றா, காமா) அல்பா தன்ர வால் முனையைச் செருகும். வால் அசைய, ஜீ.டி.பி இருக்கிற பொந்து தளர்ந்து அது விழுந்திடும். கலத்துக்குள்ள ஜீ.ரி.பிதான் பல மடங்கு கூட, அதால வெறும் பொந்துக்குள்ள அதுதான் முந்தும்.

உடனே அல்பா, பீற்றா-காமாச் சோடியை விட்டுப் பிரிஞ்சு அடினைலைல் சைக்கிளேசு நொதியத்தைத் தூண்டும். அந்த நொதியம் ஆக்கிற செய்திகாவி மூலக்கூறு சைக்கிளிக் ஏ.எம்.பி கூடும், அதால புரதக் கைனேசு ஏ எண்ட நொதியம் வேலை தொடங்கும், ஈரலில கிளைக்கோசன் உடையும். ஓஃப் ஆகிறதுக்கு வாங்கி தேவையில்லை: அல்பாவே தன்ர ஜீ.ரி.பியின்ர கடைசிப் பொசுபேற்றை நீரால வெட்டி, திரும்பச் சோடியோட சேர்ந்திடும்.

படம் கீறேக்க அதிரினலினை கலத்துக்குள்ள கீறாதேங்கோ. அது வெளியாலதான் நிக்கும்.

வற்றாப்பளை:
கனகராயன் அண்ணை சொன்னது சரி, ஆனா எல்லா வாங்கியும் அப்பிடி இல்லை. வளர்ச்சிக் காரணி வாங்கிகள் ரெண்டு ரெண்டாச் சேர்ந்து ஒண்டின்ர தைரோசீனில மற்றது பொசுபேற்றுப் போடும். அதில கிறப்2 எண்ட இணைப்புப் புரதம் பிடிக்கும், அதோட வாற சொஸ் எண்ட புரதந்தான், ஜீ புரதம் மாதிரியே ஜீ.ரி.பியால ‘ஓன்’ ஆகிற ராஸ் புரதத்தின்ர ஜீ.டி.பியைக் கழட்டும். ராஸ் தனியா ஜீ.ரி.பியை வெட்டிறது சரியான மெதுவு, காப் எண்ட துணைப் புரதம் வேணும். ராஸின்ர 12ஆவது அமினோவமிலமான கிளைசீன் மாறினால் காப் உதவினாலும் வெட்டு நடக்காது. சதையிப் புற்றுநோயில கனக்கக் காணுற மாற்றம் இது.

முறிகண்டிப் பிள்ளை:
அப்ப ஜீ புரதமும் ஓஃப் ஆகாமல் நிண்டால்?

கனகராயன்:
அதுதான் வாந்திபேதி (கொலரா). கிருமியின்ர நச்சு, குடற்கலத்தில அல்பாவின்ர ஒரு ஆர்ஜினீனில ஏ.டி.பி-ரைபோசை ஒட்டிவிடும். ஜீ.ரி.பியை வெட்டேலாது, சைக்கிளிக் ஏ.எம்.பி ஏறிக்கொண்டே போகும், குளோரைட்டு வாய்க்கால் திறந்து உப்பும் தண்ணியும் குடலுக்குள்ள கொட்டும். கக்குவானில வேற கதை: அங்க நச்சு, அடினைலைல் சைக்கிளேசை அடக்கிற ஜீ-ஐ எண்ட ஜீ புரதத்தை ஓஃபிலேயே பூட்டி வைக்கும்.

சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்து உள்ளெடுக்கிற காவிக்கு வாந்திபேதி நச்சால பாதிப்பில்லை. அதாலதான் ஜீவனி (குடிக்கிற உப்பு-குளுக்கோசுக் கரைசல், ORS) வேலை செய்யுது. பக்கற்றை முழுசாக் கொட்டி ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணியில கரைக்கோணும். தண்ணி குறைஞ்சால் கரைசல் செறிஞ்சு குடலுக்குள்ள இன்னும் தண்ணியை இழுக்கும். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊத்திப்போட்டுப் புதுசாக் கரையுங்கோ.