300 எம்பிபிஎஸ் திட்டத்தில் 94-ஐத் தாண்டாத வேகம்

வேளச்சேரிவாசி:
அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்புக்குப் பணம் கட்டியும், ரவுட்டரிலிருந்து கேபிள் வழியாகக் கணினியில் சோதித்தால் வேகம் 94-க்கு மேல் ஏறுவதே இல்லை. படுக்கையறை வைஃபையில் 30-ஐத் தொடுவதே பெரும்பாடாக இருக்கிறது. ரவுட்டரை மாற்றிவிடலாமா?

கம்பிவடம்:
அவசரப்பட வேண்டாம். 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் (கேபிள் வழி) இணைப்பில் நடைமுறையில் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே ரவுட்டரின் போர்ட், கணினியின் போர்ட், கேபிள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று 100-இல் நிற்கிறது. ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்குக் கேபிளின் 8 கம்பிகளும் வேண்டும். 100-க்கு 4 போதும் என்பதால், மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தாலும் இணைப்பு அறுபடாமல் வேகம் மட்டும் சத்தமின்றி இறங்கிவிடும். கேபிள் நுனியிலுள்ள ஆர்ஜே45 பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

அடையாறு_ஆல்:
வைஃபை தனிக் கதை. படுக்கையறையில் உங்கள் கைப்பேசி 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கக்கூடும். அந்த அலைவரிசை சுவர்களைத் தாண்டும், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே இருப்பதால், அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அனைத்தும் அவற்றிலேயே முட்டிமோதுகின்றன. வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. கான்கிரீட் சுவர்தான் அதற்கு எதிரி. ரவுட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இரும்பு பீரோவுக்குப் பின்னால் என்றால் எந்த ரவுட்டரும் தேறாது.

வேளச்சேரிவாசி:
பழுப்பு நிறக் கம்பி ஒன்று பிளக்கின் முனைவரை எட்டவே இல்லை! வேறொரு கேட்6 வகைக் கேபிளில் 280-ஐத் தாண்டுகிறது. ரவுட்டர் பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பிளக் பாயின்ட் அங்கே மட்டுமே உள்ளதால் எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கிறேன்.